சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய வழி 15,349 கி.மீ. ஆனால் 2018-இல் நியூயார்க்குக்குப் பக்கத்திலேயே, நியூஜெர்சியில் உள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கான சேவையை மறுபடி தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன தூரம் சுமார் 16,700 கி.மீ. இரண்டும் சரிதான். குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. விமானமோ காற்று போகும் பக்கம் போகிறது. பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி, வட பசிபிக்கின் மேலடுக்குக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பறக்கும். ஆயிரம் கி.மீ. சுற்றினாலும் நேரம் மிச்சம். அதனால் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்லும் இணையக் கணிப்பான்களை இந்த வழித்தடத்தில் நம்ப வேண்டாம். கால அட்டவணையைப் பாருங்கள்: பதினெட்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

இந்த வழியில் ஓடுவது ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர்., அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே மாற்றியமைத்த வகை. சாதாரண ஏ350-900 சுமார் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், இதில் 1,65,000. அந்தக் கனத்துக்கு ஈடாக ஆளைக் குறைத்திருக்கிறார்கள்: மொத்தம் 161 இருக்கை. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. எகானமி கிடையவே கிடையாது. இதே நிறுவனத்தின் மற்ற நெடுந்தூர ஏ350-இல் 253 பேர் உட்காருவார்கள். ஆகவே இதில் மலிவு டிக்கெட் தேடுவது வீண்வேலை. பட்ஜெட் முக்கியமென்றால் பிராங்பர்ட் வழியாகப் போகும் சேவையைப் பாருங்கள்.

பிரீமியம் எகானமியில் வரிசைக்கு வரிசை 38 அங்குலம், சாய்வு 8 அங்குலம். முன்னால் இருப்பவர் முழுதாகச் சாய்த்துவிட்டால் ஜன்னலோரக்காரர் எழுந்து வெளியே வருவது சர்க்கஸ்தான். பெரும்பாலான வரிசைகள் 2-4-2. வால் பக்கம் உடல் குறுகும் கடைசி மூன்று வரிசைகளில் மட்டும் ஓரத்தில் ஒற்றை இருக்கைகள், மொத்தம் ஆறு. தனியாகப் போகிறவர் தனிக்கட்டணம் கொடுத்தாவது அதைப் பிடிக்கலாம். கழிவறை பக்கத்தில் என்பதுதான் குறை. சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிந்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது தேதியில். நியூயார்க்கில் வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது ஞாயிறு விடியற்காலை. இடையிலுள்ள சனிக்கிழமை வானத்திலேயே போய்விடும். சனி இரவுக்கு ஹோட்டல் போட்டால் காசு தண்டம். மறுதிசையில் நள்ளிரவு கழிந்து கிளம்பினால் அதே தேதி காலையிலேயே நியூயார்க். கோடையில் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இது ஏற்ற வழியல்ல. சிங்கப்பூர் சுற்றினால் பதினெட்டாயிரம் கி.மீ. தாண்டும், துபாய் வழியில் பதினான்காயிரத்துக்குள் முடிந்துவிடும்.

நியூஜெர்சி எடிசன் பக்கம் உறவினர் வீட்டுக்கா? ஜே.எஃப்.கே. வேண்டாம், நியூவர்க் போடுங்கள். வானத்தில் தூரம் ஏறக்குறைய ஒன்றே. தரையில் நியூயார்க் நகர நெரிசலைக் கடக்க வேண்டியதில்லை.