பெங்களூர்ல அப்பா காருக்கு வந்த ஓவர் ஸ்பீட் ஃபைன், அதைக் கட்டின அனுபவம்

இந்த தடவை லண்டன்ல இருந்து பெங்களூர் போனப்போ நான் நினைச்சே பாக்காத ஒரு வேலை வந்துச்சு, அப்பா கார் பேர்ல இருந்த ஓவர் ஸ்பீட் ஃபைன். வெளிநாட்டுல இருந்துகிட்டு ஊர்ல அப்பா அம்மா பேர்ல வண்டி இருக்கிறவங்க நிறைய பேர் இருக்கோம், அவங்களுக்கு உபயோகப்படும்னுதான் கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன்.

எங்க வீடு அல்சூர் பக்கம். அப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, ராத்திரில ஓட்டுறதில்ல, அதனால என்னை ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வர எப்பவும் வர்ற ஆக்டிங் டிரைவர் தம்பியைக் கூப்பிட்டுகிட்டு, அவரும் கூடவே வந்திருந்தார். விடியக்காலை நேரம், தேவனஹள்ளில இருந்து ஹெப்பால் வரைக்கும் ரோடு காலியா இருந்துச்சு, பேச்சு சுவாரஸ்யத்துல யாரும் ஸ்பீடை கவனிக்கல. அந்த ரோட்ல காருக்கு லிமிட் 80. வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்து அவங்கவங்க வேலையைப் பாக்க போயிட்டோம்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அப்பா வாட்ஸாப்ல ஒரு மெசேஜ். போலீஸ் லோகோ போட்டு, எங்க வண்டி நம்பரையே கரெக்டா போட்டு, சலான் (ஃபைன் நோட்டீஸ்) இருக்கு, விவரம் பாக்க கீழ இருக்கிற ஃபைலை இன்ஸ்டால் பண்ணுங்கன்னு. கடைசில ஏபிகே ஃபைல், அதாவது போன்ல ஆப்பை ஏத்துற ஃபைல். அப்பா கண்ணாடியைப் போட்டுகிட்டு விரலை கொண்டுபோயிட்டார். "அப்பா, தொடாதீங்க, தொடாதீங்க"ன்னு கத்திகிட்டே போய் போனைப் பிடுங்கினேன். பயந்துட்டார் பாவம். அந்த ஃபைலை ஏத்தினா போன்ல வர்ற ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போயிடும், பென்ஷன் அக்கவுண்ட் காலி. போலீஸ் எந்தக் காலத்துலயும் வாட்ஸாப்ல ஏபிகே அனுப்ப மாட்டாங்க. தெரியாம யாராவது ஏத்திட்டா உடனே 1930க்கு போன் பண்ணணும், அது சைபர் கிரைம் ஹெல்ப்லைன், எவ்வளவு சீக்கிரம் பண்றோமோ அவ்வளவு நல்லது, இதை வீட்ல ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டிட்டுத்தான் வந்தேன்.

மெசேஜ் பொய்யின்னு தெரிஞ்சாலும் நிஜமாவே ஏதாவது இருக்கான்னு பாத்துடலாம்னு தோணுச்சு. மத்திய அரசோட பரிவாகன் இ-சலான் சைட்டை நானே டைப் பண்ணி போனேன். லிங்க் எதையும் தொடாதீங்க, அட்ரஸ் ஜிஓவி டாட் இன்னு முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க. பெங்களூருக்குன்னா டிராஃபிக் போலீஸ் சைட்லயும் அவங்களோட அஸ்திரம் ஆப்லயும்கூட பாக்கலாம். பாத்தா ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு அந்த ஏர்போர்ட் ரோடு, தேதி, நேரம், ஸ்பீடு 97ன்னு போட்டு, நம்பர் ப்ளேட் பளிச்சுன்னு தெரியற மாதிரி போட்டோவோட. அதுல சொல்ல ஒண்ணுமில்ல, 1,000 ரூபாய். இன்னொண்ணு போன வருஷம் தேதி போட்டு ஹெல்மெட் போடலன்னு ஒரு கேஸ். காருக்கு ஹெல்மெட்! போட்டோவை பெருசு பண்ணி பாத்தா ஒரு ஸ்கூட்டர், அதோட நம்பர்ல 8 இருக்கிற இடத்துல எங்களுது 3, அழுக்கு படிஞ்ச ப்ளேட்டை மாத்தி படிச்சிருக்காங்க.

இது ஏன் ஒரு வருஷமா எங்களுக்கு தெரியல? ஆர்சில இருக்கிற மொபைல் நம்பர் எங்க அண்ணனோட பழைய நம்பர். கார் எடுத்தப்போ ஷோரூம்ல அண்ணன்தான் கூட நின்னான், அவங்க அவன் நம்பரையே போட்டுட்டாங்க, அண்ணன் ஓசூர் போய் செட்டில் ஆனதும் அந்த சிம்மையே விட்டுட்டான். மத்திய அரசு விதிப்படி கேமரால பிடிச்சா குறிப்பிட்ட நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், ஆனா அது எலக்ட்ரானிக்காவும் வரலாம், அதாவது எஸ்எம்எஸ். நம்பர் தப்பா இருந்தா நோட்டீஸ் யாரோ ஒருத்தர் போனுக்குப் போகும், ஃபைன் மட்டும் நம்ம பேர்ல நிக்கும், கட்டாம விட்டா கோர்ட்டுக்கும் போகும். எனக்கு இதுதான் பெரிய கவலையா இருக்கு. நிஜமான மெசேஜ் வர வேண்டியவங்களுக்கு வரல, பொய் மெசேஜ் மட்டும் தவறாம வருது, நடுவுல தனியா இருக்கிற வயசானவங்க.

இங்கிலாந்துல வேற மாதிரி. 14 நாளுக்குள்ள ஆர்சி ஓனர் வீட்டுக்கு லெட்டர் வரும், யார் ஓட்டினதுன்னு 28 நாளுக்குள்ள எழுதி அனுப்பணும், குறைஞ்சது 100 பவுண்டு, லைசென்ஸ்ல 3 பாயிண்ட், கொஞ்சம்தான் தாண்டினதுன்னா அதுக்கு பதிலா கிளாஸ் போகலாம். பாயிண்ட் விழுந்தா இன்சூரன்ஸும் ஏறும். அங்க ஜனங்க பயப்படுறது பணத்துக்கு இல்ல, பாயிண்டுக்குத்தான்.

கட்டுறது சுலபமா முடிஞ்சுது. முதல்ல என் லண்டன் கார்டுல ட்ரை பண்ணேன், பேங்க் நிராகரிச்சிடுச்சு, அப்புறம் அப்பா போன்ல யூபிஐ, ஒரு நிமிஷத்துல ரசீது வந்துச்சு. என்ஆர்ஐ அக்கவுண்ட் இருக்கிறவங்க வெளிநாட்டு நம்பர்லயே யூபிஐ வச்சுக்கலாம், இங்கிலாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா, எமிரேட்ஸ் எல்லாம் அந்த லிஸ்ட்ல உண்டு, கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டு வச்சுக்கோங்க. ஆன்லைன் வராதவங்க டிராஃபிக் ஸ்டேஷன்லயோ பெங்களூர் ஒன்ங்கிற அரசு சேவை மைய கவுண்டர்லயோ கட்டலாம்.

பக்கத்து வீட்டு அங்கிள் மட்டும் "ஏம்மா அவசரப்பட்டு கட்டினே, பாதி ரேட் ஆஃபர் வரும்ல"ன்னார். உண்மைதான், 2023 பிப்ரவரிலயும் 2025 ஆகஸ்ட்லயும் ஐம்பது பர்சென்ட் தள்ளுபடி குடுத்தாங்க, ஜனங்க க்யூல நின்னு கட்டினாங்க. எனக்கு அது பிடிக்கல. ஒழுங்கா உடனே கட்டினவனுக்கு முழு காசு, இழுத்தடிச்சவனுக்கு பாதின்னா அடுத்த தடவை எவன் உடனே கட்டுவான்?

டிரைவர் தம்பிகிட்ட சொன்னப்போ அவர் முகம் சுருங்கிடுச்சு. "அக்கா, என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க"ன்னார். அப்பா ஒரே வார்த்தைல முடிச்சுட்டார், "வேணாம்பா, நானும் முன்சீட்லதான உக்காந்திருந்தேன், அடுத்த தடவை பாத்து ஓட்டு." அந்த பையன் அன்னிக்கு ராத்திரி தூக்கம் முழிச்சு ஓட்டினதுக்கு கிடைச்சதே ஆயிரத்துக்கு கொஞ்சம்தான் மேல.

ஹெல்மெட் கேஸுக்குத்தான் அலைச்சல். முதல்ல போன ஸ்டேஷன்ல இங்க இல்லம்மா அங்க போங்கன்னாங்க, அங்க போனா சாப்பாட்டு நேரம், மூணு மணிக்கு வாங்கன்னாங்க. வெயில்ல அப்பாவை கூட்டிகிட்டு ரெண்டு தடவை ஆட்டோ. ஆனா அங்க இருந்த ஏஎஸ்ஐ (உதவி சப்-இன்ஸ்பெக்டர்) வந்து உக்காந்ததும் வேலை நடந்துச்சு, அதை சொல்லியே ஆகணும். அப்பா தட்டுத்தடுமாறி கன்னடத்துல ஆரம்பிச்சதும் அவரே தமிழுக்கு மாறிட்டார், "உக்காருங்க ஐயா". ஸ்க்ரீன்ல போட்டோவை பாத்தார், நான் கொண்டுபோன ஆர்சி ஜெராக்ஸையும் காரை நம்பர் தெரிய எடுத்த போட்டோவையும் பக்கத்துல வச்சு பாத்தார், ஒரு வெள்ளை பேப்பர்ல லெட்டர் எழுதி அப்பா கையெழுத்து போட்டு வாங்கிகிட்டார். காசு கீசுன்னு ஒரு பேச்சு இல்ல. ஆர்சி, வண்டி போட்டோ, ஓனர் கையெழுத்து போட்ட லெட்டர், இந்த மூணும் கைல இருந்தா திரும்ப அலைய வேண்டாம்.

மொபைல் நம்பரையும் மாத்திட்டோம். பரிவாகன் சைட்லயே அதுக்கு இடம் இருக்கு, சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், ரிஜிஸ்ட்ரேஷன் தேதி கேக்கும், எல்லாம் ஆர்சிலயே இருக்கு, ஓடிபி வரும்போது வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க பக்கத்துல இருக்கணும். அதனால ஊருக்குப் போனதும் முதல் வாரத்துலயே இதை முடிங்க.

நீங்களே ஓட்டுறதா இருந்து இந்திய லைசென்ஸ் இல்லன்னா இங்கிலாந்துல இருந்தே 1949 ஒப்பந்தப்படி குடுக்கிற வகை இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் எடுத்துட்டு போங்க, பேபாயிண்ட் கடைல 5.50 பவுண்டு. மைசூர் எக்ஸ்பிரஸ்வேல போறவங்க இன்னும் கவனம், கேமரா நிறைய, கர்நாடகால 2024 ஆகஸ்ட்ல இருந்து 130ஐ தாண்டினா ஃபைனோட விடறதில்ல, எஃப்ஐஆர்.

நான் லண்டன் திரும்பினதுக்கு அப்புறம் அப்பாவே சைட்ல போய் பாத்துட்டு போன் பண்ணார், ஹெல்மெட் கேஸ் லிஸ்ட்ல இல்லையாம். இப்போ எங்க சித்தப்பா வண்டிக்கு யார் நம்பர் குடுத்திருக்குன்னு பாத்துகிட்டிருக்கார்.