சொல்லாமல் மாறிய வரி: மீளமைப்பா, கைத்திருத்தமா, உரையாடலா?

தமிழ் விக்கிப்பீடியாவில் கீழடிப் பக்கத்தின் வரலாற்றைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசித் தொகுப்புக்குப் பக்கத்தில் −9 என்று நிற்கிறது (பக்கம் 9 பைட்டு குறைந்திருக்கிறது), மாற்றத்தின் காரணம் எழுதும் சுருக்கம் காலி. வேறுபாட்டைப் பார்த்தால் ‘சிவகங்கை’ போய் ‘மதுரை’ வந்திருக்கிறது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் (அடிப்படை எழுத்து, துணைக்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி) 3 பைட்டு. சிவகங்கைக்கு 24, மதுரைக்கு 15. கணக்கு சரி, மாவட்டம்தான் தவறு. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் அளவில்தான் என்றாலும் கீழடி இருப்பது சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம் வட்டத்தில். மாற்றியவரை விசமி என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. மதுரையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்த யாருக்கும் அது மதுரைப் பக்கம்தான்.

இந்த இடத்தில் கை தானாகப் போவது மீளமைப்புக்கு, அதாவது பொத்தான் அழுத்திப் பழைய நிலைக்குத் திருப்புவதற்கு. அதிலும் இரண்டு வகை உண்டு, இரண்டும் ஒன்றல்ல. வரலாற்றில் ஒரு தொகுப்பை மட்டும் நீக்கும் சாதாரண மீளமைப்பில் காரணம் எழுத இடம் உண்டு. ஆனால் அதே வரியைப் பிறகு வேறொருவர் தொட்டிருந்தால் மென்பொருள் மறுத்துவிடும். முன்னிலையாக்கல் உரிமை உள்ளவருக்குக் கிடைப்பது வேறு பொத்தான். அது கடைசியாகத் தொகுத்தவர் தொடர்ச்சியாகச் செய்த அத்தனையையும் ஒரே சொடுக்கில் துடைக்கும். அவர் ஐந்து தொகுப்பில் நான்கு எழுத்துப்பிழை திருத்தி, ஒன்றில் மட்டும் மாவட்டத்தை மாற்றியிருந்தால் நல்ல நான்கும் சேர்ந்து போகும். காரணம் எழுதவும் அந்தப் பொத்தான் நிற்காது. வசைச்சொல்லுக்கும் பக்கத்தையே காலி செய்தவருக்கும் அது போதும், கீழடிக்கு வேண்டாம். பழைய பதிப்பைத் திறந்து அப்படியே சேமிப்பது இன்னும் மோசம்: இடையில் வந்த எல்லோருடைய உழைப்பும் போய்விடும்.

கைத்திருத்தம் மெதுவானது, ஆனாலும் பெரும்பாலான நேரம் அதுதான் சரி. தவறான சொல்லை மட்டும் மாற்றுங்கள், சான்றை ஒட்டுங்கள், சுருக்கத்தில் ‘திருப்புவனம் வட்டம், சிவகங்கை மாவட்டம்; சான்று சேர்த்தேன்’ என்று எழுதுங்கள். அடுத்து வருபவர் அதே மாற்றத்தைச் செய்ய நினைத்தால் அந்த வரி அவரை ஒரு கணம் நிறுத்தும். வெறும் மீளமைப்பு யாரையும் நிறுத்தாது, சீண்டத்தான் செய்யும்.

இதைவிடச் சிக்கலானது, இரண்டு பக்கமும் சரியாக இருக்கும் மாற்றம். மதுரையின் மக்கள்தொகை 10,17,865 என்றிருந்ததை ஒருவர் 14,65,625 ஆக்குகிறார். இரண்டுமே 2011 கணக்கெடுப்புதான். முதலாவது, 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரியும் முன்பிருந்த மாநகராட்சி எல்லைக்கு. இரண்டாவது, நகரத்தோடு ஒட்டிய புறநகரும் சேர்ந்த நகரத் தொகுதி முழுமைக்கும். மீளமைத்தால் ஓர் உண்மையை வெளியே தள்ளுகிறீர்கள், விட்டுவிட்டால் இன்னொன்று போகிறது. தகவற்சட்டத்தில் (பக்கத்தின் ஓரத்தில் உள்ள விவரப் பெட்டி) இரண்டுக்கும் தனித்தனி வரி இட்டு, எது எந்த எல்லைக்கு என்று எழுதுவதுதான் வழி. பிறந்த இடமும் இப்படித்தான். திண்டுக்கல் மாவட்டம் 1985-இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. 1930-இல் பழனியில் பிறந்தவருக்கு ‘மதுரை மாவட்டம்’ என்றிருப்பதை மௌனமாகத் ‘திண்டுக்கல்’ ஆக்குபவர் இன்றைய வரைபடத்தைப் பார்க்கிறார், முதலில் எழுதியவர் அன்றையதை. ‘பழனி, மதுரை மாவட்டம் (இன்றைய திண்டுக்கல் மாவட்டம்)’ என்றால் இருவருக்கும் இடம் கிடைக்கும்.

அழகர் ஏன் வைகைக்கு வருகிறார் என்பதில் அடைப்புக்குறி மட்டும் போதாது. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு என்பது மக்கள் வழக்கு. மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க என்பது தலபுராணம். ஒன்றை அழித்து மற்றதை எழுதும் தொகுப்பு வந்தால், எது எங்கிருந்து வருகிறது என்று பெயரிட்டு இரண்டையும் வையுங்கள். ‘சான்று தேவை’ என்று காட்டும் வார்ப்புருவை (ஆயத்தக் குறிப்பு) குத்திவிட்டுப் போவது சோம்பேறித்தனம். சரிபார்க்க முடியாத, ஆனால் நம்பத்தக்க வரிக்குத்தான் அது.

வடிவச் சண்டைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. கோயிலா கோவிலா, ஜல்லிக்கட்டா சல்லிக்கட்டா, 10,17,865-ஆ 1,017,865-ஆ: மூன்றிலும் பைட்டு வேறுபாடு 0 என்றே காட்டும். அண்மைய மாற்றங்கள் பட்டியலில் எண்ணை மட்டும் பார்த்து ஓடுபவர் கண்ணில் படாது, பட்டபிறகு சண்டை பெரிதாகும். சான்றைக் காட்டி முடிக்க முடியாது, இரண்டு எழுத்துமுறையும் அச்சில் இருக்கிறதே. அதனால் இங்கே மீளமைப்பு எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் பலவீனமான கருவி. ஏற்கெனவே பக்கத்தில் நிலைத்திருக்கும் வடிவத்தைத் தொடாதீர்கள். ஒரே பக்கத்துக்குள் இரண்டும் கலந்திருந்தால் தலைப்பில் உள்ளதைப் பின்பற்றுங்கள். மேற்கோளுக்குள்ளும் நூற்பெயருக்குள்ளும் கை வைக்காதீர்கள். ஒரு பக்கத்தைத் தாண்டிய கேள்வி என்றால் பக்கத்தின் உரையாடலில் கத்திப் பயனில்லை, எல்லோரும் கூடிப் பேசும் பொதுப்பக்கமான ஆலமரத்தடிக்குக் கொண்டுபோங்கள். தலைப்பை நகர்த்தி நகர்த்திச் சண்டையிடுவதில் ஒரு வம்பும் உண்டு: நகர்த்தும்போது பழைய பெயரில் புதிய பெயருக்குத் தானே அனுப்பும் வழிமாற்று உருவாகும், அதை யாராவது ஒருமுறை தொகுத்துவிட்டால் சாதாரணப் பயனரால் பழைய பெயருக்குத் திருப்ப முடியாது. எந்தப் பெயரில் தேடினாலும் பக்கம் கிடைக்கத்தான் போகிறது, பிறகு எதற்கு?

எண்ணில் மட்டும் ஒரு நுட்பக் காரணம் உண்டு. மக்கள் அடர்த்தியைத் தானே கணக்கிடும் வார்ப்புரு, காற்புள்ளி இட்ட எண்ணைக் கண்டால் பிழை காட்டிவிடும். அங்கே வெறும் இலக்கம் மட்டும்.

வேறுபாட்டில் எதுவுமே மாறாததுபோல் தெரிந்து +3 மட்டும் நின்றால், கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறி ஒன்று ஒட்டியிருக்கலாம். பி.டி.எஃப்.பிலிருந்தோ சில கைப்பேசி விசைப்பலகைகளிலிருந்தோ வரும். பக்கத்தின் அடியில் உள்ள பகுப்பு இணைப்பு திடீரென்று சிவப்பானால் (அப்படி ஒரு பக்கம் இல்லை என்று பொருள்) முதலில் இதைச் சந்தேகியுங்கள். அந்தச் சொல்லை அழித்துப் புதிதாகத் தட்டச்சு செய்தால் போதும்.

உரையாடல் எப்போது? உங்கள் திருத்தம் ஒருமுறை காரணமில்லாமல் திரும்பினால் அப்போதே. இரண்டாம் முறை மீளமைக்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்றுக்கு மேல் மீளமைத்தால் தடைவரை போகும்; மூன்று வரை உரிமை என்று பொருளல்ல. பக்கத்தின் பேச்சுப் பக்கத்தில் (உரையாடல் பக்கம்) கேள்வியை வையுங்கள், மாற்றியவருடைய பயனர் பேச்சில் ஒரு வரி இணைப்பும் கொடுங்கள். வெறும் எச்சரிக்கை வார்ப்புருவைவிட ‘இந்த எண் எங்கிருந்து எடுத்தீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். கைப்பேசியில் தொகுப்பவருக்குச் சுருக்கப் பெட்டி இருப்பதே தெரியாமலும் இருக்கலாம்.

அதற்கும் பதில் வராமல் இழுபறி தொடர்ந்தால் நிருவாகியிடம் பக்கக் காப்பு கேட்கலாம். பூட்டு விழும் நேரத்தில் பக்கத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதுவே பெரும்பாலும் நிற்கும், உங்களுக்குத் தவறாகத் தெரிவதாகவே இருந்தாலும். பூட்டு இருக்கும் நாட்களில் மாற்ற வேண்டிய வரியையும் சான்றையும் முழுதாகப் பேச்சுப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒத்துக்கொண்டபின் நிருவாகி அதை அப்படியே வெட்டி ஒட்டிவிடுவார்.