கடைமடைக்கு ஒரு சாட்சி: கோப்பர்னிக்கஸ் பிரவுசர் – சித்தூர் வட்டத்திலிருந்து ஒரு மதிப்புரை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் இரண்டாம் போக நெல்லை நம்பியிருப்பவர்களுக்கு ஆழியாற்றுத் தண்ணீர் ஓயாத கவலை. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் எல்லையை ஒட்டிய மணக்கடவில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். அது மூலத்தரைத் தடுப்பணைக்கு வந்து வாய்க்கால்களில் பிரிந்த பிறகு கடைமடைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதுதான் நெல் விவசாயிகளின் குழுவான பாடசேகர சமிதியின் கூட்டங்களில் வாக்குவாதமாகிறது. அந்த வாக்குவாதத்தில் சாட்சியாக நிற்கத் தகுமா என்ற நோக்கிலேயே கோப்பர்னிக்கஸ் பிரவுசர் என்னும் இணைய வரைபடத் தளத்தைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புவி கண்காணிப்புத் திட்டத்தைச் சேர்ந்த இத்தளத்துக்குக் கட்டணம் இல்லை. சென்டினல்–2 செயற்கைக்கோள்களின் படங்கள் 2015ஆம் ஆண்டிலிருந்து இதில் கிடைக்கின்றன. 2017இல் இரண்டாவது செயற்கைக்கோளும் சேர்ந்தபின், ஐந்து நாளுக்கு ஒரு முறை நம் வயலின் மேல் ஒரு பார்வை விழுகிறது. வெறும் படத்தோடு நில்லாமல், இலை சிவப்பொளியை உறிஞ்சி அகச்சிவப்பொளியைத் திருப்பி அனுப்பும் இயல்பைக் கணக்கிட்டுப் பயிரின் பசுமையைக் காட்டும் என்.டி.வி.ஐ. குறியீடும், இலையிலுள்ள ஈரத்தைக் காட்டும் இன்னொரு குறியீடும் ஒரு சொடுக்கில் வருகின்றன.

இதன் உண்மையான பலம் வாய்க்கால் அளவில் தெரிகிறது. தலைமடையும் கடைமடையும் ஒரே நாளில், ஒரே படத்தில் பதிவாகின்றன. யாரும் தம் பக்கத்துக்குச் சாதகமான வயலை மட்டும் காட்டிப் பேச முடியாது. கேரள அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது 2016 அக்டோபரில். அதற்கு அடுத்து வந்த கோடைக்கு முந்தைய மாதங்களின் படத்தையும் நல்ல மழை பெய்த ஓர் ஆண்டின் அதே மாதப் படத்தையும் அருகருகே வைத்தால், தண்ணீர் குறையும்போது எந்தப் பகுதி முதலில் வெளுக்கிறது என்பது புலப்படும். முறைத் தண்ணீர் விடும் வரிசையைத் திருத்தவும், கடைமடையில் நெல்லுக்குப் பதில் உளுந்தோ பயறோ போடலாமா என்று முன்கூட்டியே முடிவெடுக்கவும் இதைவிட மலிவான ஆதாரம் கிடைப்பது அரிது. ஆனால் வெளுத்ததற்குக் காரணம் தண்ணீரா, பூச்சியா, பிந்திய நடவா என்பதைப் படம் சொல்லாது; வரப்பில் இறங்கி நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். களையும் அதற்குப் பச்சைதான்.

தனி வயல் என்று வந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. படத்தின் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஈரக் குறியீட்டில் அதுவே பத்து சென்ட் அளவுக்குப் பெரிதாகிவிடும். ஏக்கருக்கு நாற்பது புள்ளி கிடைத்தாலும், வரப்போரப் புள்ளிகளில் பக்கத்து வயலும் வரப்புத் தென்னையும் கலந்துவிடும். முப்பது சென்ட் வைத்திருப்பவர் இதை நம்பி உரம் போடக் கூடாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு இன்னும் ஏமாற்றம்தான். மரங்களுக்கு இடையே மழைக்குத் தழைத்த புல்லே தோப்பைச் செழிப்பாகக் காட்டிவிடும், சிவப்புக் கூன்வண்டு குடைந்த மரமோ குருத்துச் சாயும்வரை பச்சையாகவே இருக்கும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேகமே பெரும்பாலும் படமாக வரும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில் மழை குறைவு என்பதால் நமக்கு மேற்குக் கேரளத்தைவிடச் சற்று அதிக வாய்ப்பு உண்டு. மேகத்தை ஊடுருவும் சென்டினல்–1 ரேடார் படங்களும் இதே தளத்தில் இருக்கின்றன என்றாலும், பழகாத கண்ணுக்கு அவை சாம்பல் நிறக் குழப்பமே.

மொழி பெரிய குறை. தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. கைபேசித் திரையில் வயல் எல்லையை வரைவது பொறுமையைச் சோதிக்கும் வேலை, கணினி தேவை. எனவே ஒவ்வொரு விவசாயியும் இதைக் கற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சமிதிக்கு ஒருவர் கற்று, கிருஷிபவன் (கேரள அரசின் உள்ளூர் வேளாண் அலுவலகம்) அலுவலரோடு உட்கார்ந்து பார்த்தால் போதும்.

இஸ்ரோ 2009இல் தொடங்கிய புவன் தளம் நிலப்பயன்பாட்டு வரைபடங்களுக்கு நல்லது. வாராவாரம் பயிரைப் பின்தொடர நான் கோப்பர்னிக்கஸையே எடுப்பேன். 2008ஆம் ஆண்டு கேரள நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தின் தரவு வங்கி, அதாவது நெல்வயல்களின் பதிவுப் பட்டியல், பற்றிய தகராறுகளுக்கு மட்டும் சென்டினல்–2 படங்களை அச்சிட்டுக்கொண்டு போக வேண்டாம். அங்கே கேள்வி 2008இல் நிலம் எப்படி இருந்தது என்பது, இந்தப் படங்களோ அதற்கு ஏழு ஆண்டு பிந்தியவை. அதற்குக் கேரள மாநிலத் தொலையுணர்வு, சுற்றுச்சூழல் மையத்தின் அறிக்கையைத்தான் நாட வேண்டும்.