குன்னூரில் அரை நாள் தெருவை அடைக்க அனுமதி வாங்கிய கதை: 5-க்கு 3 மதிப்பெண்

அம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெருவை அரை நாள் அடைக்க வேண்டியிருந்தது. ஒரு மனு போதும் என்று நினைத்துப் போனேன். நகராட்சி தெருதானே என்று அங்கே கொடுத்தால், போக்குவரத்தைத் திருப்பிவிடுவது போலீஸ் வேலை, அங்கேயும் ஒன்று கொடுங்கள் என்றார்கள். சரி, நியாயம்தான், ஆனால் இதை முதல் நாளே ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன?

தெரு முனையில் கொஞ்ச தூரம் நெடுஞ்சாலைத்துறை ரோடு, அதனால் மூன்றாவது மனு.

போலீசில் இருந்த ஏட்டையா மட்டும் பொறுமையாகப் பேசினார். நான் பேனாவால் கிறுக்கிய வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆம்புலன்ஸ் வந்தா எந்தப் பக்கம் விடுவீங்க?" என்று ஒரே கேள்வி. பதில் இல்லை. பந்தலை ஓர் ஓரமாகத் தள்ளி, ஒரு வண்டி போகும் அகலம் விட்டு மறுபடி வரைந்தேன்.

தேதிதான் பெரிய சிக்கல். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் வண்டியெல்லாம் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும். 2025-ல் இ-பாஸ் (வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர முன்கூட்டியே எடுக்கும் அனுமதிச் சீட்டு) கட்டுப்பாட்டிலேயே சனி ஞாயிறுகளில் நாளொன்றுக்கு 8,000 வண்டி வரலாம் என்றிருந்தது; அப்படியிருக்க, மே மாத ஞாயிறு கேட்ட என்னை என்ன சொல்ல! செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினோம், கையெழுத்தும் வந்தது.

மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் நகராதீர்கள். எனக்கு ஓர் இடத்தில் மனுவே காணாமல் போய், அந்த நகல்தான் காப்பாற்றியது.