அப்பாவின் வால்வு ரேடியோவும் திருச்சி மெக்கானிக்கும்

மெல்போர்னிலிருந்து மூன்று வார விடுப்பில் ஸ்ரீரங்கம் வந்தபோது, அப்பா விட்டுச்சென்ற, கண்ணாடிக் குழல் போன்ற வால்வுகளில் இயங்கும் ரேடியோவைச் சரிசெய்துவிட வேண்டும் என்பதையே முதல் வேலையாக வைத்திருந்தேன். போட்டவுடன் 'உம்'மென்ற ரீங்காரமும் அதன்மேல் கரகரப்பும் எழும். இரண்டுக்கும் அடியில் திருச்சி வானொலி மெல்லியதாகக் கேட்கும்.

முதலில் கொடுத்த கடையில் நான்கு நாள் வைத்திருந்து, உள்ளே போகும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கண்டன்சரை மட்டும் மாற்றினார்கள். ரீங்காரம் போயிற்று, கரகரப்பு போகவில்லை. கேட்டதற்கு, வால்வைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், "வால்வு போயிருக்கும், இப்போ கிடைக்காது" என்றார்கள். அந்தப் பதில் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

பிறகு உறவினர் ஒருவர் சொன்னதன்பேரில், வீட்டுத் திண்ணையிலேயே வேலை பார்க்கும் எழுபது வயது கடந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ரேடியோவை நேராகப் பிளக்கில் செருகவில்லை. 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, அதன் வழியாகவே மின்சாரம் கொடுத்தார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பிவிடும். பல்பு மங்கியே எரிந்தது.

"தம்பி, வால்யூமைக் குறைச்சா இரைச்சலும் குறையுதான்னு முதல்ல கேளுங்க" என்றார். முழுவதும் குறைத்த பிறகும் ரீங்காரம் தொடர்ந்தால் சந்தேகம் பவர் சப்ளையின்மீதும், ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின்மீதும் போகும். குறைத்ததும் இரைச்சல் அடங்கிவிட்டால் கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் இருக்கிறது. எங்கள் ரேடியோவில் கரகரப்பு பாதி அடங்கியது, பாதி அப்படியே இருந்தது. ஆகவே கோளாறும் இரண்டு இடத்தில் இருந்தது.

பென்சிலின் மரமுனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தபோது, ஒன்றில் மட்டும் படபடவென்று சத்தம் வந்தது. வால்வு நன்றாகத்தான் இருந்தது. அதன் சாக்கெட்டில் களிம்பேறியிருந்தது. அடுத்து, மின்னிணைப்பை எடுத்த பிறகும் கண்டன்சரில் தங்கியிருக்கும் உயர் மின்னழுத்தத்தை ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டே, பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டமான சேசிஸுக்குள் கை வைத்தார். ஈ.எல். 84 அவுட்புட் வால்வில் சிக்னல் நுழையும் முனையான கிரிட்டுக்குப் போகும் பழைய பேப்பர் கண்டன்சர் கசிந்துகொண்டிருந்தது. அதற்குப் பதிலாக 630 வோல்ட் தாங்கும் பாலியஸ்டர் கண்டன்சரைப் போட்டார். முதல் கடையில், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபயருக்கு அடுத்தாற்போல் வைத்திருந்த 100 மைக்ரோஃபாரட் கண்டன்சரையும் எடுத்துவிட்டு 47 வைத்தார். ரெக்டிஃபயராக இருந்த ஈ.இஸட். 80 வால்வுக்கு அந்த இடத்தில் 50 மைக்ரோஃபாரட்தான் உச்சவரம்பு. மீறினால் போடும்போதெல்லாம் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து வால்வின் ஆயுள் குறையும். இந்த ஒன்றுக்காகவே அவரிடம் போனது நல்லதாயிற்று என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள், பாகங்களுக்கும் கூலிக்கும் சேர்த்து 1,800 ரூபாய் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், அவரிடம் தெளிவாகக் கேட்ட 936 கிலோஹெர்ட்ஸில் 'ஜிர்'ரென்ற புதிய இரைச்சல்! தொலைபேசியில் கேட்டேன். ஏரியல் கம்பியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார், இரைச்சல் அடங்கியது. அப்படியானால் அது வெளியிலிருந்து வருவது என்றார். பேட்டரியில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பார்த்தோம். கூடத்து எல்.இ.டி. பல்பை அம்மா அணைத்த நொடியில் செய்தி வாசிப்பவரின் குரல் மட்டும் அறையில் நின்றது. மறுநாள் அந்த பல்பை மாற்றிவிட்டு, ஏரியல் கம்பியையும் வயரிங்கிலிருந்து விலக்கி மொட்டைமாடிப் பக்கம் இழுத்துக் கட்டினேன்.