பதின்மூன்று வருட இன்வர்ட்டர், மூன்று பேட்டரி

2012-ல் சென்னையைத் தாண்டிய ஊர்களில் தினமும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் தவித்தோமே, அப்போதுதான் மன்னார்குடி வீட்டில் இன்வர்ட்டர் வைத்தோம். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, அதாவது குழாய் வடிவத் தகடுகள் உள்ள ஈய பேட்டரி. இப்போது இருப்பது மூன்றாவது.

முதல் பேட்டரி மூன்று வருடம்கூட நிற்கவில்லை. காரணம் தண்ணீர். "கேன் தண்ணியே போதும் சார்" என்று விற்றவர் சொன்னதை நம்பி ஊற்றினோம். குடிக்கிற தண்ணீரில் கொஞ்சமாவது உப்பு இருக்கும். அது ஈயத் தகடுகளை அரித்துவிடும். அதிலிருந்து டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கோடையில் இன்னும் சீக்கிரம், டார்ச் அடித்து, தண்ணீர் மட்டம் காட்டும் ஆறு மிதவைகளையும் பார்ப்பேன். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஆசிட் வழியும். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சைப் பொடியை, வயரைக் கழற்றி வெந்நீர் விட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து வாஸ்லின் தடவுவேன்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரையைக் கடந்தது. தெருவில் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. நாங்களோ வழக்கம்போல் ஃபேன், லைட் எல்லாம் ஓடவிட்டோம். மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிட்டது. எங்கள் தெருவுக்கு லைன் வர பதினெட்டு நாள் ஆனது. மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் வரும் ஒரு மணி நேரத்தில் இன்வர்ட்டரையும் அதில் சேர்ப்போம். முழுதாக ஏற பத்து மணி நேரம் வேண்டும், ஒரு மணி நேரத்தில் என்ன ஏறும்? ராத்திரி ஒரு லைட்டுக்கும் போன் சார்ஜுக்கும் சரியாக இருந்தது. கொசுவலைக்குள் அப்பாவுக்கு விடிய விடிய விசிறிக்கொண்டிருந்தார் அம்மா.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12 வோல்ட்டை 150 ஏஎச்சால் பெருக்கினால் 1800 வாட் அவர். இழப்பு போக 1300 கிடைத்தால் பெரிது. பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு ஃபேன், இரண்டு எல்இடி பல்பு, மோடம் எல்லாம் சேர்த்து 180 வாட், ஏழு மணி நேரம் தாங்கும். ஃபேன் இரண்டையும் 30 வாட் பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார்) ஃபேன் ஆக்கியதும் மொத்தமே 90 வாட்தான். அதே பேட்டரியில் நேரம் இரண்டு மடங்கு. பெரிய பேட்டரி வாங்கக் கிளம்புகிறவர்களிடம் முதலில் ஃபேனை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்சி எதையும் இன்வர்ட்டர் லைனில் கொடுக்கவே இல்லை.

முதலில் வாங்கியது ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர், கரண்ட் அலை சதுரமாக வெட்டி வெட்டி வரும். கரண்ட் போனதும் ஃபேன் உறுமும், தூங்க முடியாது. 2015-ல் லைன் கரண்ட் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் இன்வர்ட்டருக்கு மாற்றியதும் அந்தச் சத்தம் நின்றது.

இப்போதைய பேட்டரி 2020-ல் வாங்கியது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை 5 மணிக்குக் கொடுக்கும் நாளை இன்னமும் தாண்டிவிடுகிறது; ஆனால் முன்புபோல் ராத்திரிக்கும் மிச்சம் இருப்பதில்லை. லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லைதான். ஆனால் என் இன்வர்ட்டரின் சார்ஜர் அதற்கு ஒத்துவராது, இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதனால் அடுத்ததும் டியூபுலர்தான்.