ஓடித் தேயல, நின்னே கிழடாயிடுச்சு: எங்க கேம்பர் டிரெய்லர் டயர், மூணு வருஷத்துக்கு அப்புறம்

போன வாரம் சிங்கப்பூர் யீஷூன் கோப்பிக்கடையில கூட்டாளி ஒருத்தர் கேட்டாரு, "உங்க கேம்பர்ல என்ன டயர் போட்டிருக்கீங்க, நல்லா இருக்கா?" கேம்பர்னா வண்டிக்குப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போய் தங்குற டிரெய்லர். அவரும் மலேசியா சொந்தக்காரங்களோட சேர்ந்து செகண்ட் ஹேண்ட் டிரெய்லர் ஒண்ணு வாங்கப் போறாராம். நல்லா இருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சிருக்கலாம். வாய் வரல. கோப்பி ஆறிப் போற வரைக்கும் பேசுனேன், அதையே இங்க எழுதிடறேன்.

நம்ம டிரெய்லர் மலேசியாவுல, ஜொகூர் கூலாய்ல மச்சான் வீட்டுக்குப் பின்னாடி நிக்குது. ஒத்த ஆக்சில், ரெண்டே டயர், இழுக்குறது அவன் ஹைலக்ஸ் பிக்கப். பாதி காசு நான் போட்டது, ஆனா கவலை மட்டும் முழுசும் எனக்கு. பள்ளி லீவு விட்டா முக்கால் டேங்க் எண்ணெய் இருக்கான்னு பாத்துக்கிட்டு துவாஸ் எல்லை தாண்டிப் போவோம், அங்க நம்ம காடிய (கார்தான்) விட்டுட்டு எல்லாரும் ஹைலக்ஸ்ல ஏறிடுவோம், வருஷத்துக்கு நாலு தடவை, அவ்வளவுதான்.

2019ல வாங்கும்போது முதல் ஓனர் போட்டிருந்தது சாதா காடி டயர், 185/65ஆர்14, லோட் இண்டெக்ஸ் 86. அந்த 86ன்னா என்னன்னு அப்போ யாருக்குத் தெரியும், கருப்பா இருந்துச்சு, காத்து நின்னுச்சு, போதும்னு விட்டுட்டோம். அப்புறம் கோவிட்ல எல்லை மூடிட்டாங்க. 2022 ஏப்ரல்ல திறந்ததும் போய்ப் பாத்தா ரெண்டு வருஷமா ஒரே இடத்துல வெயில்ல நின்னு சைடு சுவரெல்லாம் வயல் காஞ்ச மாதிரி வெடிச்சிருக்கு, அடிப்பக்கம் தட்டையா உக்காந்திருக்கு.

மாத்துறதுக்கு முன்னாடி மச்சானுக்குத் தெரிஞ்ச பழைய இரும்புக் கடை எடை மேடையில டிரெய்லரத் தனியா நிறுத்தி எடை போட்டோம். தண்ணி, கேஸ், ஐஸ் பொட்டி எல்லாம் ஏத்தி 1180 கிலோ. 86ன்னா ஒரு டயர் 530 கிலோ தாங்கும், ரெண்டுக்கும் சேர்த்து 1060. பத்துல ஒரு பங்கு ஹைலக்ஸ் கொக்கி மேல போயிடும்னு வச்சாக்கூட மீதி 1062. அதாவது இவ்வளவு நாளும் எல்லைக் கோட்டுமேலயே ஓட்டியிருக்கோம், அதுலயும் கிச்சன் ஒரு பக்கமா இருக்கு, அப்ப அந்தப் பக்கத்து டயர் கதி? பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு மெர்சிங் வரைக்கும் போய் வந்தது இதுலதான். மனைவிகிட்ட இந்தக் கணக்க நான் இன்னும் சொல்லல.

அதனால வேன் டயருக்கு மாறுனோம், 185ஆர்14சி, 8 பிளை, லோட் இண்டெக்ஸ் 102. ஒரு டயருக்கு 850 கிலோ. ஆனா அந்த 850 சும்மா வராது, காத்து 65 பிஎஸ்ஐ, அதாவது 450 கேபிஏ இருந்தாதான். காடிக்கு அடிக்கிற 230 கேபிஏவ அடிச்சிட்டுப் போனா டயர் உள்ளுக்குள்ள மடங்கி மடங்கி சூடாகும், அந்தச் சூடுதான் வெடிக்க வைக்கும். மச்சான் மகன் ஒரு தடவை அப்படித்தான் அடிச்சிட்டு வந்தான், நல்லவேளை மச்சாப் ஓய்வுத் தலத்துல நிறுத்துனப்ப டயர்ல கை வச்சுப் பாத்தேன், தோசைக்கல்லு. கோவிட் நேரத்துல வாங்குன நெத்தியில காய்ச்சல் பாக்குற துப்பாக்கிய நீட்டுனா அது 'ஹை'ன்னு மட்டும் காட்டிட்டு கம்முனு இருந்துச்சு, அது மனுசக் காய்ச்சலுக்குத்தான்லா.

அதுக்கப்புறம் காத்து எவ்வளவு இருக்குன்னு காட்டுற, வால்வுல திருகுற சென்சார் வாங்குனேன், ரப்பர் வால்வையும் மெட்டல் வால்வா மாத்திட்டேன், ஏன்னா சென்சார் கனத்துக்கு ரப்பர் ஆடி ஆடி அடியில வெடிச்சிடும். அந்தச் சென்சார் வந்த புதுசுல நான் பண்ண கூத்து தனி. ஓடிட்டு இருக்கும்போது 72ன்னு காட்டுச்சு, ஐயோ கூடிடுச்சேன்னு இறங்கி 65 வரைக்கும் காத்த எறக்கி விட்டேன். மறுநாள் காலையில ஆறுனதும் பாத்தா 59. ஆறுன டயர்லதான் அளக்கணும், ஓடுனா ஏறத்தான் செய்யும், ஏறுனத எறக்கக்கூடாது. இது தெரியாம சென்சார் பெட்டியத் திட்டிக்கிட்டே மறுபடி காத்து அடிச்சேன்.

இதெல்லாம் நம்ம தப்பு, ஒத்துக்கறேன். இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வரேன்.

டயர் வாங்குனது 2022 ஜூன். கடைக்கார தவுக்கே "நியூ ஸ்டாக், நியூ ஸ்டாக்"னு சொல்லி மாட்டிக் குடுத்தாரு. டயர்ல நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்க டயர்ல அது ஒரு பக்கச் சுவர்ல மட்டும்தான் இருக்கு. ரெண்டு டயர்லயும் அந்தப் பக்கத்த உள் பக்கமா வச்சு மாட்டியிருக்காரு. தற்செயலா இருக்கலாம். இருக்கலாம்லா, எனக்கு நியாயமாப் பேசணும்னுதான் ஆசை. ஆனா நாலு மாசம் கழிச்சு பாய விரிச்சு டிரெய்லருக்கு அடியில படுத்து, வாயில போன் டார்ச்ச கவ்விக்கிட்டு பாத்தா 3719. 2019, 37வது வாரம். செப்டம்பர் மாசம் பொறந்தது. எல்லை மூடுறதுக்கு முன்னாடி தயாரான டயர எல்லை திறந்ததும் புதுசுன்னு வித்திருக்காங்க.

போய்க் கேட்டேன். "ஓட்டாத டயர் கெட்டுப் போகாது பாஸ்"ன்னாரு. கெட்டுப் போகும் பாஸ். ஓடாம நிக்கிற டிரெய்லர் டயர்தான் சீக்கிரம் காயும், தேயுறதுக்கு முன்னாடி ரப்பர் செத்துடும். அதனாலதான் டிரெய்லர் வச்சிருக்கிறவங்க பூ, அதாவது டயர் மேல இருக்குற வரிப்பள்ளம், எவ்வளவு இருக்குன்னு பாக்காம அஞ்சு ஆறு வருஷத்துல மாத்துறாங்க. நான் மூணு வருஷத்த கடையிலயே தொலைச்சிட்டேன்.

டயரப் பத்தி என்ன குறை சொல்லன்னா, ஒண்ணும் இல்ல. கேமரன் மலை ஏறியிருக்கு, செரத்திங் கடற்கரை போயிருக்கு, கொட்டுற மழையில டிரெய்லர் வாலாட்டாம வந்திருக்கு. ஒரு பஞ்சர் கூட இல்ல. நிறுத்தும்போது அடியில பலகை வச்சு, மேல கேன்வாஸ் உறை போட்டு, மாசம் ஒரு தடவை மச்சான கொஞ்சம் உருட்டி வைக்கச் சொல்லி, குழந்தையப் பாத்துக்குற மாதிரி பாத்தாச்சு. பூ இன்னும் அப்படியே இருக்கு. ஆனாலும் போன மாசம் சைடுல மயிரிழை வெடிப்பு தெரியுது, 2025 ஆயிடுச்சு, ஆறு வருஷம், தூக்கிப் போடணும். நல்ல டயர் லா. மறுபடி அதே பிராண்ட் வாங்குவேனா? மாட்டேன். டயர் மேல தப்பு இல்லன்னு தெரியும், ஆனா அந்தப் பேரப் பாத்தாலே எனக்கு முதுகு வலிக்குது.

கூட்டாளிக்குச் சொன்னது இதுதான்: பிராண்ட என்கிட்ட கேக்காதீங்க, மாட்டுறதுக்கு முன்னாடி டயர உருட்டிக் கொண்டாரச் சொல்லி அந்த நாலு நம்பரப் படிங்க, அது வெளிப்பக்கம் வர்ற மாதிரி மாட்டச் சொல்லுங்க.

இவ்வளவும் பேசிட்டு ஞாயித்துக்கிழமை கூலாய் போனேன். ஸ்பேர் டயர் நெனப்பே அன்னிக்குத்தான் வந்துச்சு. பின்னாடி உறை போட்டு, அதுல மச்சான் மக ஆமை படம் ஒட்டி வச்சிருக்கா, அந்த ஆமைக்காகவே யாரும் உறையக் கழட்டுனதில்ல. கழட்டுனேன். பழைய ஓனரோட காடி டயர், அதே 86, இப்ப இருக்குறத விட அஞ்சு சென்டிமீட்டர் குட்டை, நம்பர் 1116.

மச்சான் எட்டிப் பாத்துட்டு சொல்றான், "ஒரு கிலோமீட்டர் கூட ஓடல மாமா, புத்தம் புதுசு."